அட்டி மாற்றுக் கூலி

"பாப்பா, மேக்கு மூலைப் பயறு என்னாச்சு?"

மேஸ்திரி மாமா இதைக் கேட்டது 2019 ஆவணியில். வைகாசியில் மூட்டை சரிந்து விழுந்து அவருக்குக் கணுக்கால் எலும்பில் விரிசல். மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் கம்பு ஊன்றி எங்கள் மளிகைக் கடையின் கிட்டங்கிக்கு, அதாவது குடோனுக்கு, வந்திருந்தார். எந்தப் பயறு மாமா என்று கேட்டேன். "பங்குனியில ராஜஸ்தான் லாரில வந்துச்சுல்ல, பாசிப்பயறு. அறுபது இறக்குனோம். நான் விழுகிறப்ப நாப்பது நின்னுச்சு" என்றார்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆனி மாதம் ஒரு கடைக்காரர் பயறு கேட்டபோது பையன்கள் தேடிவிட்டு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். புத்தகத்தில் நாற்பது மூட்டை என்று இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. சிட்டை எங்கோ விட்டுப்போயிருக்கும், கணக்குத்தான் தப்பு என்று முடிவு செய்து, இருப்பைத் திருத்தி எழுதிவிட்டு, புதிதாக ஐம்பது மூட்டை வாங்கினோம். எழுதச் சொன்னவள் நான்தான்.

அன்று மாலை நூற்றுப் பத்து மூட்டை துவரம் பருப்பை நகர்த்தியபோது பின்னால் அந்த நாற்பதும் இருந்தன. சாக்கைத் தொட்ட கையில் மாவு ஒட்டியது. பிரித்துப் பார்த்தால் பயறில் ஊசியால் குத்தினாற்போல் ஓட்டைகள். கையை உள்ளே விட்டால் வண்டு விரல் வழியாக ஏறி வந்தது. 50 கிலோ மூட்டை, மொத்தம் இரண்டு டன். அன்றைய விலைக்கு 1,40,000 ரூபாய்ச் சரக்கு. மாட்டுத் தீவனத்துக்கு 22,000 ரூபாய்க்குப் போனது.

எங்கள் கடை கீழமாசி வீதியில். மளிகை மொத்த வியாபாரம். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களின் சில்லறைக் கடைகள், புரோட்டாக் கடைகள், மெஸ்கள், கல்யாண சமையல்காரர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கை. கிட்டங்கி கடைக்குப் பின்னால் ஒரு சந்தில், அறுபதடிக்கு முப்பதடி. பட்டப்படிப்பில் வணிகவியல் படித்துவிட்டு 2016-இல் அப்பாவோடு வந்து உட்கார்ந்தேன். முதல் மூன்று வருடம் நான் பார்த்தது பில், வரி, வசூல் மட்டும்தான். கிட்டங்கி மேஸ்திரி மாமாவின் ராஜ்யம். எது எங்கே என்று கேட்டால் அவர் சொல்வார், அவர் சொன்ன இடத்தில் இருக்கும். அதனால் யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் மூன்று மாதம் வராதபோதுதான், கிட்டங்கியின் வரைபடம் முழுவதும் ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருந்தது எனக்குப் புரிந்தது.

அந்தப் பயறை நான் விடவில்லை. ஏன் நடந்தது என்று பல நாள் யோசித்தேன், ஆட்களிடம் உட்கார்ந்து கேட்டேன். எல்லோரும் முதலில் சொன்னது "கவனக்குறைவு" என்றுதான். அப்படி இல்லை என்பது கூலிப் புத்தகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

மாசி வீதிகளில் பகலில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவது நடக்காத காரியம். பெரிய லோடு எல்லாம் இரவில்தான் வரும். பதினொரு மணிக்கு ஒரு லாரி வந்து நிற்கிறது, இருநூறு மூட்டை. லோடுமேன்களுக்கு இறக்குக் கூலி மூட்டைக்கு இவ்வளவு, ஏற்றுக் கூலி மூட்டைக்கு இவ்வளவு. கிட்டங்கிக்குள் பழைய நாற்பது மூட்டை சுவரோரமாக நிற்கிறது. புதியதைப் பின்னால் அடுக்கிப் பழையதை முன்னால் வைக்க வேண்டுமென்றால் அந்த நாற்பதையும் முதலில் வெளியே எடுக்க வேண்டும், புதியதை அடுக்க வேண்டும், திரும்ப நாற்பதையும் தூக்கி வைக்க வேண்டும். எண்பது முறை தூக்கு. ஒவ்வொரு முறையும் ஐம்பது கிலோ. இதற்குக் கூலிப் புத்தகத்தில் வரியே கிடையாது. நள்ளிரவில், கூலி இல்லாத வேலையை யார் செய்வார்கள்? காலியாக இருக்கும் இடத்தில், அதாவது பழைய அட்டிக்கு (அடுக்கி நிற்கும் மூட்டைகளுக்கு) முன்னால், புதியதை அடுக்கிவிட்டுப் போவார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை.

முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறை உரிமத்துக்கான விதிகளிலும் இருக்கிறது. எங்கள் கடைச் சுவரிலும் அப்பா ஒரு அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். அந்த விதியை நடத்திக்காட்டும் உடல் உழைப்புக்கு யார் காசு கொடுப்பது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. மேஸ்திரி மாமா இருந்தவரை அவர் தன் வார்த்தை மதிப்பால் ஆட்களை அதட்டி, கெஞ்சி, டீ வாங்கிக் கொடுத்து அட்டி மாற்ற வைத்திருக்கிறார். சில நாள் தன் கையிலிருந்தே காசு கொடுத்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னபோது வெட்கமாக இருந்தது. எங்கள் சரக்கைக் காக்க அவர் தன் கூலியைச் செலவழித்திருக்கிறார்.

சரி, அந்த வரியை முதலில் எழுதுவோம் என்று கூலிப் புத்தகத்தில் ஒரு புதுப் பத்தி போட்டேன்: அட்டி மாற்றுக் கூலி. இறக்குக் கூலியில் பாதி, நகர்த்தும் ஒவ்வொரு மூட்டைக்கும். அப்பா முகம் சுளித்தார். "ஒரே மூட்டைக்கு எத்தனை தடவைம்மா கூலி கொடுக்கிறது?" அவரோடு சண்டை போடவில்லை. ஒரு வருடம் எழுதிப் பார்ப்போம் என்றேன். அந்த முதல் வருடம் அட்டி மாற்றுக் கூலியாகப் போனது 38,000 ரூபாய். வண்டு தின்று ஒதுக்கிய சரக்கு இரண்டே மூட்டை. அடுத்த வருடம் அப்பாவே கூலியைக் கூட்டச் சொன்னார்.

கூலி கொடுப்பதோடு, அட்டி மாற்ற வேண்டிய தேவையையே குறைக்கவும் ஒரு வழி உண்டு. அதிகம் ஓடும் சரக்குக்கு ஒரே அட்டி போடாமல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அட்டி போடுவது. வலது பக்கத்திலிருந்து விற்பனை, இடது பக்கத்தில் புது வரத்து. வலது தீர்ந்ததும் மாற்றிக்கொள்வது. ஒரு மூட்டையையும் வீணாகத் தூக்க வேண்டாம். ஆனால் இதற்கு இடம் வேண்டும், நடுவில் நடைபாதை வேண்டும். தரையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை வெறுமனே விட வேண்டி வந்தது. "வாடகை கொடுத்து வெறுந்தரையை வச்சிருக்கோமா?" என்று அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வெறுந்தரையில்தான் இன்றைக்குத் தள்ளுவண்டி உருளுகிறது, வெளிச்சம் பின்சுவர் வரை போகிறது, எலிப்புழுக்கை விழுந்தால் மறுநாளே கண்ணில் படுகிறது.

அடுத்தது முகவரி. புத்தகத்தில் நாற்பது மூட்டை என்று எவ்வளவு சரியாக எழுதியிருந்தும் அன்று பயன்படவில்லை. எங்கே என்று எழுதியிருந்தால் ஒரு பையன் போய்ப் பார்த்திருப்பான். அட்டை ஒட்டலாம், ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு கொடுக்கலாம் என்று நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது மேஸ்திரி மாமா சொன்னார், "எதுக்குப் பாப்பா அதெல்லாம்? ஊருக்கு இருக்கிற மாதிரியே வச்சிரு. கீழ, மேல, தெக்கு, வடக்கு."

எவ்வளவு எளிது! கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாக வளர்ந்த ஊர் இது. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு சேர்த்தால் யாரும் யாரையும் கண்டுபிடித்துவிடலாம். இங்கே பிறந்தவர்களுக்குத் திசை சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. கிட்டங்கியை நான்கு பகுதியாகப் பிரித்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண். மொத்தம் முப்பத்தாறு இடம். தரையில் பெயின்ட் கோடு, தூணில் பெரிய எழுத்து. சரக்கு வந்ததும் சிட்டையில் மூன்று விஷயம் கட்டாயம்: எத்தனை, என்றைக்கு, எங்கே. 'துவரை 110, ஆவணி 12, தெற்கு 4.' கணக்கு மென்பொருளில் குடோன் என்று ஒரு வசதி முன்பே இருந்தது. அதில் இந்த முப்பத்தாறு இடங்களையும் ஏற்றினேன். அந்த வசதிக்கும் சேர்த்துத்தான் வருடா வருடம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம், ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

பின்னால் ஒடிசாவிலிருந்து இரண்டு தம்பிகள் வேலைக்கு வந்தார்கள். தமிழ் எழுத்து தெரியாது. அவர்களுக்காகத் திசைக்கு ஒரு நிறம் அடித்தோம். ஆனால் ஒரே வாரத்தில் "மேல ஏழு" என்று அவர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்பதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். எங்களிடம் 412 வகைச் சரக்கு. ஒரு வருட விற்பனையை எடுத்துப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், முதல் 46 சரக்கே விற்பனைப் பணத்தில் முக்கால் பங்கு. மீதி 366-ம் சேர்ந்து கால் பங்கு. 1951-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்டு டிக்கி என்பவர் இப்படிச் சரக்கை மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறையை எழுதினார். ஏபிசி முறை என்று கல்லூரியில் படித்தேன். கீழமாசி வீதியில் இதற்கு ஓடும் சரக்கு, நடக்கும் சரக்கு, தூங்கும் சரக்கு என்று பெயர். அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது, 130 சரக்கு தொண்ணூறு நாளில் ஒரு முறைகூட விற்கவில்லை. அவை வாசலுக்குப் பக்கத்தில், எடுக்க வசதியான இடத்தில் உட்கார்ந்திருந்தன. தினமும் இருபது முறை எடுக்கும் மைதாவும் ரவையும் கடைசி மூலையில். நல்ல இடம் யாருக்கு என்று யாரும் யோசித்ததில்லை. எது முதலில் வந்ததோ அது அங்கேயே தங்கிவிட்டது.

வாசல் கிழக்கே. அதனால் 'கீழ' வரிசை முழுக்க ஓடும் சரக்குக்கு என்று ஒதுக்கினோம். தூங்கும் சரக்கில் பாதியை அடக்க விலைக்கே தள்ளிவிட்டோம், கொஞ்சத்தைக் கொடுத்தவரிடமே திருப்பினோம். ஏலக்காய், மிளகு, கிராம்பு இவற்றுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. போடியில் ஏலத்தில் எடுத்த ஒரு மூட்டை ஏலக்காயின் விலையில் ஒரு லாரி உப்பு வாங்கலாம். அது பணப்பெட்டி மாதிரி, பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும்.

இந்த ஏபிசி முறையை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் வருடம் நான் சிக்கிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. வருட விற்பனையைப் பார்த்தால் பாதாம் பிசினும் கடல்பாசியும் தூங்கும் சரக்கு. பின்னால் தள்ளி, குறைவாக வாங்கினேன். பங்குனி பிறந்ததும் ஜிகர்தண்டாக் கடைக்காரர்கள் வரிசையாக வந்து கேட்டார்கள். நான்கே நாளில் தீர்ந்துவிட்டது. வருடத்தில் ஒன்பது மாதம் தூங்கும் சரக்கு, மீதி மூன்று மாதம் குதிரை. ஆடியில் கூழ் ஊற்றும்போது கேழ்வரகும் கம்பும் அப்படி. ஐப்பசியில் கடலை மாவு, நெய், வனஸ்பதி. கார்த்திகையில் பொரியும் வெல்லமும். மார்கழி பாதியிலிருந்து பச்சரிசி. வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் கல்யாணச் சமையல் பட்டியல். அதனால் இப்போது பட்டியலை வருடத்துக்கு ஒரு முறை போடுவதில்லை. நான்கு மாதத்துக்கு ஒரு முறை, போன வருடம் அதே மாதங்களில் என்ன ஓடியது என்று பார்த்துப் போடுகிறோம். இடமும் அதற்கேற்ப மாறும். மாசி முடிவில் பாதாம் பிசின் 'கீழ 2'-க்கு வந்துவிடும்.

இனி எண்ணுவது. எல்லாக் கடைகளையும் போல நாங்களும் மார்ச் 31 அன்று கடையை மூடிவிட்டு ஒரே நாளில் எண்ணுவோம். வியர்த்து வழிய எண்ணி, வித்தியாசம் வந்தால் அது எப்போது வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பன்னிரண்டு மாதத்துத் தப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இப்போது தினமும் எண்ணுகிறோம். முதல் 46 சரக்கை மாதம் ஒரு முறை, மற்றவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏழு சரக்குத்தான் வரும். காலை எட்டரைக்கு, வியாபாரம் சூடு பிடிக்கும் முன் இருபது நிமிட வேலை.

இதில் ஒரு விதி மட்டும் மிக முக்கியம், இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். எண்ணுகிறவருக்குப் புத்தகத்தில் என்ன எண் இருக்கிறது என்று தெரியக் கூடாது. 64 என்று தெரிந்தால் மனம் 64-ஐத் தேடும். 63 எண்ணியவர் ஒன்றை மறந்திருப்பேன் என்று 64 எழுதிவிடுவார். இதில் பொய் எதுவும் இல்லை, மனிதக் கண் அப்படித்தான். வெற்றுத் தாளில் சரக்கின் பெயரும் இடமும் மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். எண்ணி வந்த பிறகு நான் ஒப்பிடுவேன். வித்தியாசம் இருந்தால் அன்றே, நேற்றைய சிட்டைகள் கையில் இருக்கும்போதே தேடிவிடுகிறோம்.

அப்படித் தேடியதில் கிடைத்த காரணங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திருட்டு என்று நான் பயந்தது எதுவும் அதில் இல்லை. அதிகம் வந்தது, உடைத்த மூட்டை. இரண்டு பேர் இரண்டு பக்கம் ஆளுக்கொரு மூட்டையைப் பிரித்து நிறுத்திச் சில்லறைக்கு அள்ளியிருப்பார்கள். இப்போது ஒரு சரக்குக்கு ஒரு உடைத்த மூட்டைதான், அது தராசுக்குப் பக்கத்தில்தான். அடுத்து அரிசிச் சிப்பம். 2022 ஜூலை 18 முதல், சிப்பமாகக் கட்டிப் பெயர் அச்சிட்டு வரும் அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. ஒரே அரிசி, ஒரே படம் போட்ட பை, பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எது எதென்று தெரியாது. 25-ஐக் கொடுத்துவிட்டு 26 என்று சிட்டை எழுதியது அந்த மாதத்தில் மட்டும் பதினோரு முறை. வெவ்வேறு திசையில் வைத்ததும் நின்றுவிட்டது.

மூன்றாவது, மிளகாய் வத்தல். ராமநாதபுரம் முண்டு வத்தல் மாசி, பங்குனியில் வரும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. உருண்டையாக, தோல் தடிமனாக, எங்கள் பக்கத்துச் சாம்பாருக்கும் தாளிப்புக்கும் அதுதான். அறுவடை முடிந்து வரும்போது ஈரம் கொஞ்சம் இருக்கும். கிட்டங்கியில் நிற்க நிற்க இளைக்கும். வாங்கிய எடையும் விற்ற எடையும் சமமாக வரவே வராது. புளி அதற்கு நேர்மாறு, ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடும், கூடவே கறுக்கும். இந்த இரண்டையும் கிலோவில் எண்ணாமல் மூட்டையில் எண்ணி, பத்துக்கு ஒன்றை எடை போட்டு, இளைப்பைத் தனிப் பத்தியில் எழுதுகிறோம். அப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான் வத்தலை எவ்வளவு நாள் இங்கே வைப்பது, எப்போது விருதுநகர்ப் பக்கம் குளிர்கிட்டங்கிக்கு அனுப்புவது என்பதை நிதானமாக முடிவு செய்ய முடிந்தது. மூன்று மாத வாடகையும் மூன்று மாத இளைப்பும் எதிரெதிரே எண்ணாக நிற்கும்.

தினசரி எண்ணிக்கை இன்னொரு சமயத்திலும் கைகொடுத்தது. 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மத்திய அரசு இருப்பு வரம்பு போட்டது. மொத்த வியாபாரிக்கு 200 டன். செப்டம்பரில் அதை 50 டன்னாகக் குறைத்தார்கள். எங்கள் இருப்பு அதைவிடக் குறைவுதான் என்றாலும் எவ்வளவு இருக்கிறது என்று இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பதிவு செய்த எண்ணும் கிட்டங்கியில் நிற்பதும் வேறாக இருந்தால் வம்பு. அந்த வேலை எங்களுக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது.

எப்போது வாங்குவது என்பதற்கும் ஒரு சின்ன ஏற்பாடு. சீரகம் குஜராத்திலுள்ள ஊஞ்சாவிலிருந்து வருகிறது. சொன்ன நாளிலிருந்து கிட்டங்கியில் இறங்க ஒன்பது நாள் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு மூட்டை போகிறது. ஒன்பது நாளைக்குப் பதினெட்டு. லாரி வழியில் நின்றால், திடீரென்று கேட்பு கூடினால் என்று எட்டு மூட்டை கூடுதல். ஆக, இருப்பு 26-ஐத் தொட்டதும் போன் போட வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் வைத்தேன், நான் கடையில் இல்லாத நாளில் யாரும் பார்க்கவில்லை. இப்போது அட்டியில் அடியிலிருந்து 26-ஆவது மூட்டையில் ஒரு சிவப்புத் துணி கட்டுகிறோம். மூட்டை எடுக்கிறவர் கண்ணில் சிவப்பு பட்டால் துணியை அவிழ்த்துக் கடைக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். ஜப்பானில் டொயோட்டா ஆலையில் தைச்சி ஓனோ அட்டைகளை வைத்துச் செய்த முறையும் இந்த வழிதான். சரக்கு குறைந்த இடத்திலிருந்தே சேதி கிளம்பி வர வேண்டும். படிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் சிவப்பு எல்லோருக்கும் தெரியும்.

அந்த 26-ஐ விலை ஏற்றத்துக்காக மாற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன். 2023-இல் சீரகம் ஊஞ்சாவில் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியது. ஏறிக்கொண்டிருந்தபோது இருநூறு மூட்டை வாங்கிப் போடலாம் என்று அப்பாவுக்கு ஆசை. வாங்கி, சரியான வாரத்தில் விற்றவர்கள் சம்பாதித்தார்கள், அது உண்மை. அடுத்த ஆண்டு புது வரத்து வந்ததும் விலை பாதிக்கும் கீழே வந்தது. அப்போது கையில் இருநூறு மூட்டை வைத்திருந்தவர்களும் எங்கள் வீதியில் உண்டு. கடைக்காரருக்குச் சீரகம் இல்லையென்று சொல்லாமல் இருக்கத்தான் என் கிட்டங்கி. அந்த இருநூறு மூட்டை நின்றிருந்தால் இரண்டு நடைபாதை அடைந்திருக்கும், வங்கிக் கடனுக்கு வட்டி ஓடியிருக்கும், மற்ற சரக்குக்கு இடமில்லாமல் போயிருக்கும்.

வண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பயறில் சூடுபட்டவள் நான். பயறு வண்டு பெரும்பாலும் கிட்டங்கியில் பிறப்பதில்லை. வயலிலேயே காயின்மேல் முட்டை வைத்து, மூட்டையோடு சேர்ந்து வருகிறது. பயறின் தோலில் வெள்ளைப் புள்ளி மாதிரி தெரிந்தால் அது முட்டை. மதுரைச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். மூன்று மாதம் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இறக்கும்போதே மூட்டைக்குள் குத்தூசி விட்டு எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த ஒரு குழாய்ப் பொறி இருக்கிறது. துளை போட்ட குழாய், அடியில் புனல். பயறுக்குள் செருகி வைத்தால், ஊர்ந்து திரியும் வண்டு துளை வழியே உள்ளே விழும். மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே சேதி வந்துவிடும். மூட்டைகள் தரையில் படாமல் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. புகைமூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நாங்களாகத் தொடுவதே இல்லை. அந்த வாயு ஆளைக் கொல்லும். உரிமம் பெற்றவர்களை வைத்து, கிட்டங்கியைப் பூட்டி, அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம்.

லோடுமேன்கள் மூட்டையில் மாட்டும் இரும்புக் கொக்கியை நிறுத்தியது, சாக்கு கிழிந்து சிந்துவது குறைந்தது, இவையெல்லாம் தானாக நடந்தன. மேஸ்திரி மாமா இளவயதில் தூக்கியது நூறு கிலோ மூட்டை. தோளில் இன்னும் ஒரு கரடு இருக்கிறது. ஐம்பது கிலோ வந்ததே பெரிய விடுதலை என்பார். தள்ளுவண்டி வந்த நாளில் அதை ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இத முப்பது வருசம் முன்னாடி வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கால் சரியான பிறகும் அவரை நான் மூட்டை தூக்க விடவில்லை. வாசலில் ஒரு நாற்காலி. கையில் அட்டி நோட்டு. எது எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று எழுதுவது அவர் வேலை. எழுத்து நிதானமாகத்தான் வரும், ஆனால் தப்பு வராது. மூட்டைக் கூலி போய் மாதச் சம்பளம். முதல் மாதம் வாங்கும்போது தயங்கினார், தூக்காமல் எதற்குக் காசு என்று. உங்கள் தலைக்குள் இருந்ததை எழுதித் தருகிறீர்களே மாமா என்றேன்.

கிட்டங்கிக்குப் பெரிய சோதனை சித்திரைத் திருவிழா. மீனாட்சி கல்யாணத்துக்கு மறுநாள் தேர் நான்கு மாசி வீதியையும் சுற்றி வரும். எங்கள் கடை வாசல் வழியாகத்தான் வரும். அந்தச் சமயத்தில் லாரியை மறந்துவிட வேண்டும். ஆனால் கேட்பு ஏறும். மண்டகப்படிக்காரர்கள், அன்னதானக்காரர்கள், பானகத்துக்கு வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கேட்டு வருகிறவர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் நாள் வரை ஓயாது. அதனால் பத்து நாள் முன்பே பட்டியல் போட்டு, இரவு இரவாக இறக்கி, கீழ வரிசை முழுவதையும் அந்தச் சரக்குக்கு மாற்றிவிடுவோம். அட்டி மாற்றுக் கூலி அதிகம் போகும் வாரம் அதுதான்.

போன சித்திரையில் தேர் நிலைக்கு வந்து, கூட்டம் கலைந்து, மதியம் கடையைத் திறந்தோம். அன்னதானம் போடும் ஒரு குழுவிலிருந்து நான்கு பேர் வந்து பச்சரிசி பதினெட்டுச் சிப்பம், வெல்லம் ஆறு மூட்டை வேண்டும், வண்டி வெளியே நிற்கிறது, உடனே வேண்டும் என்றார்கள். சிட்டை எழுதிக் கொடுத்தேன். ஒடிசாத் தம்பிகளில் சின்னவன் அதை வாங்கிப் பார்த்தான். "கீழ அஞ்சு, கீழ எட்டு" என்று சொல்லிக்கொண்டே தள்ளுவண்டியோடு உள்ளே போனான். மேஸ்திரி மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. நோட்டைப் பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதினெட்டைக் கழித்து எழுதினார்.